சூலைக்குப் பயன் சொன்னவன்

சித்திரைச் சதயம் அப்பர் சுவாமிகளின் குருபூசை. எங்கள் ஊரான சரவணையில் அன்று பூசை முடிந்ததும் மண்டபத்தில் பாய் விரித்துத் திருநாவுக்கரசர் புராணம் படிப்போம். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். பயன் சொல்லும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் சைவமும் தமிழும் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். கோயிலில் இருந்து பயன் சொல்லும்போது கிடைத்த மரியாதை வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

2015ஆம் ஆண்டுச் சதயத்தன்று அக்கா முன்வரிசையில் இருக்கவில்லை. வழமையாக எனக்கு நேரெதிரே சம்மணம் கட்டி இருப்பா. அன்று பின்னுக்குப் போய்த் தூணில் முதுகை முண்டுகொடுத்துக்கொண்டு காலை நீட்டி இருந்தா. தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த நாரிநோ அவவை விடவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே நான் சூலை நோய்க்குப் பயன் சொன்னேன்.

நன்றாகத்தான் சொன்னேன். பாடலிபுத்திரத்தில் சமணராகித் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த அப்பரின் வயிற்றில் சூலை புகுந்ததைச் சொன்னேன். சமணர்கள் மந்திரித்த நீர் கொடுத்ததையும், மயிற்பீலியால் தடவியதையும், ஒன்றும் பலிக்காமல் கைவிட்டதையும் சொன்னேன். அவருடைய சமையற்காரன் தமக்கையார் திலகவதியாரிடம் ஆளாகப் போனதையும் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது நோய் அல்ல, பிடித்து இழுத்த கை" என்றேன். சபையில் ஒரு கிழவி அழுதா. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அக்கா கேட்டா.

"அப்ப தம்பி, இதுவும் அவர் தாறதுதானோ?"

"ஓம் அக்கா. பிராரத்தம். அனுபவிச்சாத்தான் கழியும்."

அவ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவதற்குத் துண்டு எழுதி வாங்கி வைத்திருந்தா. அந்தத் துண்டு சுவாமி அறையில் திருநீற்றுக் குடுவைக்குக் கீழே மடித்தபடி இருந்ததை நான் கண்டது பத்து மாதம் கழித்து.

இந்தக் கட்டுரையை அந்தத் துண்டுக்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது கந்தபுராணத்துச் சரவணப் பொய்கையை நினைக்காமல் இருக்க எனக்கு வராது. ஆனால் ஊரிலே கோடை வந்தால் கிணறுகள் உவர்த்துப்போகும். நல்லதண்ணிக் கிணறு தூரத்தில். பாவாடை கட்டின காலத்தில் இருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று அக்கா தண்ணீர் சுமந்தவ. ஆகவே நாரி நொந்தபோது எல்லாருக்கும் காரணம் தயாராக இருந்தது. தண்ணி சுமந்த நாரி நோகாமல் என்ன செய்யும்? பரியாரியார் எண்ணெய் தந்தார். நொச்சி இலை அவித்து ஒத்தணம் பிடித்தோம். சித்தாலேப பூசினோம். ஆஸ்பத்திரி ஒன்றில் படம் பிடித்துப் பார்த்து, வயதுக்கு ஏற்ற எலும்புத் தேய்மானம் என்றார்கள். அதுவும் பொய் இல்லை, அந்த வயதில் யாருடைய முள்ளந்தண்டிலும் தேய்மானம் இருக்கும். நோவுக்குக் குளிசை தந்தார்கள். அந்தக் குளிசை முடிய நாங்களே பாமசியில் வாங்கினோம், மாதக்கணக்காக.

பிறகு வேறு சங்கதிகள் வந்தன. நாரிநோவோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தண்ணீர் விடாய்த்துக்கொண்டே இருந்தது. இராத்திரியில் செம்பை மூன்று தரம் நிரப்புவா. வெயில் என்றோம். மலச்சிக்கல் வந்தது. வயது என்றோம். அடுப்பில் கூழை வைத்துவிட்டு மறந்துபோய்ப் படலையடியில் நிற்பா. அத்தான் போன கவலை என்றோம். அவவின் சேலைக் கரை நிலத்தில் இழுபடத் தொடங்கியது. அதற்கு நாங்கள் ஒரு காரணமும் சொல்லவில்லை, ஏனென்றால் கவனிக்கவே இல்லை. கொய்யகத்தை ஒரு மடிப்புக் கூடப் பிடித்துச் செருகிக்கொண்டு அவ நடமாடினா. முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நசிந்து ஆள் இரண்டு அங்குலம் குறைந்திருந்தா.

நோவைப் பற்றி மட்டும் அவ பேசவே இல்லை. கேட்டால், "கழியுது தம்பி" என்பா. நான் சொல்லிக்கொடுத்த சொல் அது.

2016 மாசியில் ஒரு காலை, கிணற்றில் வாளியை இழுக்கும்போது வலக்கை மேலெலும்பு முறிந்தது. விழவில்லை, அடிபடவில்லை. பச்சைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே படத்தைப் பார்த்த இளம் வைத்தியர், என் மாணவர்களின் பிள்ளைகள் வயது இருக்கும், கையைப் பற்றிப் பேசாமல் என்னைக் கேட்டார்: "ஐயா, ஒரு வாளித் தண்ணிக்கு எலும்பு முறியுமோ? இது என்ன?"

அவர் என்னிடம் விடை எதிர்பார்க்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டார். உடனே இரத்தம் எடுப்பித்தார். தலையையும் இடுப்பையும் படம் பிடிப்பித்தார். இ.எஸ்.ஆர். நூறுக்கு மேலே போயிருந்தது. மண்டையோட்டுப் படத்தில், ஆணியால் குத்தின மாதிரி வட்ட வட்டமாகக் கறுப்புப் பொட்டுகள். சிறுநீரகமும் பாதி பழுதாகியிருந்தது, அதிலே நாங்கள் மாதக்கணக்காக வாங்கிக் கொடுத்த நோக்குளிசைக்கும் பங்கு இருந்தது. பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சை எடுத்துப் பார்த்தார்கள். மல்டிபிள் மைலோமா. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை.

இரத்தப் புற்றுநோய் என்றால் இரத்தத்தில் ஏதோ தெரியவேண்டும், மூக்கால் வடியும், தோலில் கண்டல் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது எலும்புக்குள் இருந்துகொண்டு நாரிநோ வேடத்தில் வருகிற நோய். எலும்பு மச்சையில் பிளாஸ்மா கலங்கள் என்று இருக்கின்றன. கிருமியை எதிர்க்கும் புரதங்களைச் செய்வது அவற்றின் வேலை. அதில் ஒரு வகைக் கலம் கட்டுமீறிப் பெருகி, ஒன்றுக்கும் உதவாத ஒரே புரதத்தைச் செய்து தள்ளும். எலும்பைக் கரைக்கிற கலங்களையும் அது உசுப்பிவிடும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரைந்து பொந்து விழுகிற மாதிரி எலும்பு பொந்து விழும். கரைந்த கல்சியம் இரத்தத்தில் கலக்கும். அப்போதுதான் அந்தத் தாகமும் மலச்சிக்கலும் மறதியும். அக்கா இராத்திரியில் குடித்த ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் அவவின் எலும்பு கேட்ட தண்ணீர். நாங்கள் வெயில் என்றோம்.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. இங்கிலாந்தில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் மூன்று தரமோ அதற்கு மேலோ குடும்ப வைத்தியரிடம் அலைந்த பிறகு பெரிய வைத்தியரிடம் அனுப்பப்பட்டார்கள். மைலோமாவில் அப்படி அலைந்தவர்கள் பாதிப்பேர். வசதியுள்ள நாட்டிலேயே அப்படி.

இந்த நோயின் ஆதிக் கதை ஒன்றை, கனடாவில் இருக்கும் அக்காவின் மகள் எனக்குத் தேடி அனுப்பினா. 1844ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த தோமஸ் மக்பீன் என்ற பலசரக்கு வியாபாரிக்கு, விடுமுறைக்குப் போன இடத்தில் தாண்டிக் குதிக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ தெறித்த மாதிரி நொந்தது. பத்துப் போட்டார்கள், அட்டை விட்டார்கள், இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடம் ஓடியது. கடைசியில் அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது அதிலே உண்டான படிவு சூட்டில் கரைந்து, ஆறத் திரும்பவும் உறைந்தது. 1845 நவம்பர் முதலாம் திகதி தோமஸ் வாட்சன் என்ற வைத்தியர் அந்தச் சிறுநீரைக் குழாயில் அடைத்து, இரசாயனம் தெரிந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு ஒரு துண்டோடு அனுப்பினார். அதன் இயல்பை விவரித்துவிட்டு, இது என்ன என்று அதில் கேட்டிருந்தார். மக்பீன் இரண்டு மாதத்தில், 1846 புதுவருட நாளில், இறந்துபோனார். ஆனால் பென்ஸ் ஜோன்ஸ் அந்தக் குழாயில் கண்ட புரதத்தை இன்றைக்கும் அவர் பெயரிலேயே சொல்லி, இந்த நோயைப் பிடிக்க அதையும் தேடுகிறார்கள்.

நூற்றெழுபது வருடத்துக்குப் பிறகு ஓர் இளம் வைத்தியர் அதே கேள்வியை என் முன்னால் கேட்டார். அது வரைக்கும் எங்கள் எல்லாரிடமும் இருந்தது "ஏன்" என்ற கேள்விக்கான விடை. தண்ணி சுமந்ததால். வயதானதால். அத்தான் போனதால். வினையால். ஒவ்வொரு விடையும் ஓரளவுக்கு உண்மை. விடை கையில் இருந்தபடியால் "என்ன" என்று கேட்க ஒருவருக்கும் தேவை வரவில்லை. அவற்றுள் கனமான விடையைத் தந்தவன் நான். பரியாரியாரின் எண்ணெய் பலிக்காவிட்டால் வேறு எண்ணெய்க்கு மாறலாம். வினை என்ற விடைக்கு அப்பால் போக வழி இல்லை.

நான் வினையை நம்புகிறவன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் இது எனக்கு இலேசான கேள்வி இல்லை. சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுக்கிறது. சேர்த்துவைத்தது ஒன்று, இப்போது அனுபவிப்பது ஒன்று, இந்த அனுபவத்தின்போது புதிதாகச் செய்துகொள்வது ஒன்று. வினை சடம், செய்தவனை அது தானாக வந்து சேராது, இறைவனே கூட்டுவிக்கிறான் என்பது மெய்கண்டார் வழி. அதை விளக்க வந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஓர் உவமை சொல்லுகிறார். மருத்துவன் சில நோயைக் கீறி அறுத்துத் தீர்ப்பான், சில நோயைச் சர்க்கரையும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பான். அப்படித்தான் இறைவன் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையைத் தீர்க்கிறான் என்று. இதை நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! ஒரு தடவையாவது அந்த உவமையில் மருத்துவன் இருப்பதைக் கவனித்தேனா? அவன் எதைக் கீறுவது, எதற்குப் பால் கொடுப்பது என்று நோயைப் பார்த்துத் தீர்மானிக்கிறவன். மருத்துவனை வெறும் உவமையாக்கிவிட்டு, நாரிநோ உள்ள ஒரு பெண்ணிடம் கத்தியை மட்டும் காட்டினேன் நான்.

திருச்செங்கோட்டிலும் இதே கேள்வி ஞானசம்பந்தருக்கு முன்னால் வந்தது. குளிர்சுரம் அடியார்களைப் பிடித்தபோது, இந்த நாட்டில் இந்தக் காலத்துக்கு இப்படித்தான் என்று காரணம் சொன்னார்கள். அவர் காரணத்தை மறுக்கவில்லை. நிலத்தின் இயல்பாக இருந்தாலும் எங்களை இது அணுகாது என்று திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினை வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாமல் இருப்பவர்களைக் குறைசொல்லித்தான் அந்தப் பதிகம் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் செய்வித்தவன் நான்.

இன்னொன்றும் யோசிக்கிறேன். 1990 ஆவணியில் எங்கள் தீவுப்பகுதியை இராணுவம் பிடிக்க, நாங்கள் ஊரோடு ஓடினோம். அக்கா ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் தையல் மெஷினின் தலையுமாக நடந்தவ. அன்றைக்கு யாரும் யாருக்கும் பிராரத்தம் பற்றிப் பயன் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை. யார் சுட்டது, யார் எரித்தது என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் எனக்கு வினை வாயில் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதுவும் ஒரு பெண்ணின் எலும்புக்குள், உடனே வந்துவிட்டது. அது என்னுடைய பக்தியா, அறியாமையை மூடிய துணியா என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் பல தரம் போய்வந்தோம். முந்தி என்றால் மகரகமைக்கு, கொழும்பு தாண்டிப் போகவேண்டும். தெல்லிப்பழையில் அந்தக் கட்டடம் எழுந்தது 2011இல் நடந்த ஒரு நடைப்பயணத்தால். தெற்கே தேவேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும், 670 கிலோமீற்றர், இருபத்தேழு நாள் நடந்து காசு சேர்த்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். யாருக்கு எந்தப் பிறப்பு வினை என்று கணக்குப் பார்த்தா நடந்தார்கள்? அந்த வாசலில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அவவுக்குத் தந்த குளிசைகளில் ஒன்று தாலிடோமைட். அதைப் பற்றி வாசித்தபோது அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. 1957இல் ஜேர்மனியில் நித்திரைக் குளிசையாக விற்கப்பட்டு, கர்ப்பிணிகள் வாந்திக்கு எடுத்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறக்கக் காரணமான மருந்து. 1961இல் விலக்கினார்கள். அதே மருந்து மைலோமாவுக்குக் கேட்கும் என்று 1999இல் கண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு என்ன வினை என்று கேட்டால் என் வாய் திறக்காது. அந்தக் குளிசை என் அக்காவுக்கு இரண்டு வருடம் தந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. வைக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்கவேண்டும், சிறுநீரகத்துக்கு நல்லது என்று சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவவுக்கு இப்போது நான் போத்தலில் அளந்து கொடுத்தேன். வாட்டில் பக்கத்துக் கட்டிலில் புங்குடுதீவுப் பெண் ஒருவர், அவருக்கும் அதே நோய். ஒரு நாள் அவர் முகட்டைப் பார்த்தபடி, எந்தப் பிறப்பில் என்ன செய்தேனோ என்று அழத் தொடங்கினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு தன்னுடைய போத்தலை முறியாத கையால் நீட்டி, "பிள்ளை, முதல்ல இதைக் குடியும்" என்றா.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் துண்டை அவவிடம் காட்டிக் கேட்டேன். ஏன் போகவில்லை?

"நீ சொன்னனீதானே, அனுபவிச்சாத்தான் கழியுமெண்டு. மருந்தெடுத்தா மிச்சம் அடுத்த பிறப்புக்கு நிக்குமெண்டு நினைச்சன்."

கோபத்தோடு சொல்லவில்லை. விலை கேட்டால் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னா. என் பயனை முழுதாக நம்பின ஒரே ஆள் அவதான். எனக்குக் காய்ச்சல் வந்தால் நானே அன்றைக்கே பனடோல் போடுகிறவன்.

பத்து மாதம் முந்திப் பிடித்திருந்தாலும் இந்த நோயை முற்றாக மாற்றியிருக்க முடியாது என்று வைத்தியர் சொன்னார். ஆறுதலுக்காகவும் சொன்னார், உண்மையாகவும் சொன்னார். ஆனால் கை முறிந்திராது, முதுகு அப்படி நசிந்திராது, சிறுநீரகம் தப்பியிருக்கலாம். அவவின் நோய் பிராரத்தமோ இல்லையோ, எனக்குத் தெரிய வழியில்லை. தெரிந்த மாதிரிச் சொன்ன என் சொல் ஆகாமியம். அது யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் நாரி நொந்தால் நான் என் வினையை நினைத்துக்கொள்ளலாம், அது எனக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ள பேச்சு. இன்னொருவரின் நோவுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பேச்சைப் பேச எனக்கு அதிகாரம் தந்தது யார்?

அக்கா 2018 ஆவணியில் போனா.

அதற்குப் பிறகு நான் திலகவதியாரை வேறு விதமாகப் படிக்கிறேன். சூலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே மனிதர் அந்த அம்மையார்தான். கனவில் இறைவனே சொல்லியிருந்தார். தம்பி வந்து காலில் விழுந்தபோது, வழி தவறி விழுந்து துயர்ப்பட்டீர் என்று அரைவாக்கியம்தான் சொல்லுகிறார். அந்த வாக்கியம் முடிவதே எழுந்திரும் என்ற சொல்லில். பிறகு திருநீறு கொடுக்கிறார். விடிய முன்னம் தாம் அலகிடப் போகும்போது அவரையும் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். முழுதும் தெரிந்தவர் அவ்வளவு கொஞ்சமாகச் சொன்ன இடத்தில், ஒன்றும் தெரியாத நான் ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறேன். சமணர்களைப் பற்றி நான் ஏளனமாகச் சொன்னதும் இப்போது உறுத்துகிறது. தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் அவர்கள்.

போன வருடம் சதயத்துக்கு என்னைத் திரும்பவும் பயன் சொல்லக் கூப்பிட்டார்கள். ஆறு வருடம் மறுத்தவன், போனேன். சூலை வரும் பாட்டைப் படிக்கிறவர் இழுத்துப் பாடி நிறுத்தினார். நான் சொன்னேன்: வயிற்றில் கடும் நோ வந்தது. கூட இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர் தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார்.

அவ்வளவுதான் சொன்னேன். சபை காத்திருந்தது. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர், எனக்கு மூத்தவர், கேட்டார்: "மாஸ்டர், ஏன் வந்ததெண்டு சொல்லேல்லையே?"

"சேக்கிழார் சொல்லியிருக்கிறார் ஐயா. அவர் சொல்லலாம். எனக்கு அது வேண்டாம்."

அக்கா சாய்ந்திருந்த தூணில் யாரோ ஒரு சின்னப்பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரையாய்ச் சாய்ந்திருந்தது. படிக்கிறவர் ஏட்டைப் புரட்டி, சமையற்காரன் திருவதிகைக்கு வந்து சேரும் பாட்டை எடுத்தார்.